சங்கையா தயவில் ஒரு வேன் ஷெட்டு

சிவகாசி
9.2.2004

அன்பு மருமகன் சாபிருக்கு, மாமா சம்சு சலாம் சொல்லி எழுதுவது.

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்னாடியே சொல்லிவிட்டேன். நீ தம்மாமுக்கு விமானம் ஏறிய அன்றைக்கே உன் மாமி குல்சார் பேகத்திடம், "அஞ்சே வருசம் பாரு. அதுக்கு மேல அந்த மணல்ல இவன் பஸ் ஓட்டமாட்டான். ஊருக்கு வந்து சொந்தமா வேன் வாங்குறேன்னு லெட்டர் போடுவான்" என்றேன். அவள் நம்பவில்லை. நேற்று உன் கடிதத்தை அவளை உட்கார வைத்து இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். "காப்பி ஆறுது, குடிங்க" என்று எழுந்து போய்விட்டாள். தோற்றவர்கள் அப்படித்தான் பேச்சை மாற்றுவார்கள்.

இங்கே எல்லாரும் சுகம். என் முழங்கால் மட்டும் கொஞ்சம் பிடிக்கிறது. இந்த மாதிரி முழங்காலை இதுவரை பார்த்ததில்லை என்று டாக்டரே சொன்னார். நான் அதை நல்ல விதமாகவே எடுத்துக்கொண்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். தாயில்பட்டிப் பக்கம் இருக்கிற பட்டாசுக் கம்பெனி மேனேஜரைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். சிவகாசியிலிருந்து ஆட்களை ஏற்றிப் போக அவர்களுக்கு இன்னொரு வேன் வேண்டுமாம். தீபாவளி லீவு முடிந்து கம்பெனி திறக்கும்போது அந்த ஆர்டர் உனக்கு. ஒரே ஒரு கண்டிஷன், வேனுக்குச் சொந்தமாக ஷெட்டு இருக்க வேண்டும். போன சீசனில் ரோட்டோரம் நிறுத்தியிருந்த வேனில் யாரோ பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போக, காலையில் நாற்பது பொம்பளைகள் தெருவில் நின்றிருக்கிறார்கள். "ஷெட்டு இருந்தா சொல்லுங்க பாய், இல்லாட்டி வேற ஆளு பாக்கேன்" என்று சொல்லிவிட்டார்.

உன் வீட்டுக்கு மேற்கே காலி இடத்தில் பன்னிரண்டுக்கு இருபத்துநாலு அடி போடுகிறோம். நான் காலண்டர் ஆர்டர் பிடித்தே தலை நரைத்தவன். நூறு காலண்டருக்கு ரேட் சொல்கிறவனுக்கு ஒரு ஷெட்டுக்குச் சொல்லத் தெரியாதா? அட்டை என்றால் சுவர், மேல் தகடு என்றால் கூரை, தேதித்தாள் என்றால் தரை. மொத்தம் நாற்பத்தெட்டாயிரம். அதற்கு மேல் ஒரு பைசா ஆனால் என் பேர் சம்சு இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். ஏசியில் தலை நனைந்து படுக்காதே.

மாமா சம்சு


தம்மாம்
5.3.2004

மாமாவுக்கும் மாமிக்கும் சாபிர் எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் சுகம். அறையில் ஏழு பேர், ஒரே ஏசி. அது போடுகிற சத்தத்தில் குளிர் வருகிறதோ இல்லையோ தூக்கம் போகிறது. உங்கள் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன்.

நாற்பத்தெட்டாயிரத்துக்கு டிராப்ட் இத்துடன் வருகிறது. போனில் கேட்டால் ரியால் ஓடுகிறது, நீங்கள் முக்கால்வாசி நேரம் மேனேஜர் எழுந்து நின்றதையே சொல்கிறீர்கள். அதனால் கணக்கெல்லாம் எழுத்தில் வேண்டும் மாமா. இங்கே ஊரில் ஷெட்டு கட்டியவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். சொன்ன தொகையைவிட ஒன்றரை மடங்கு ஆனது என்று இருவருமே சொல்கிறார்கள். முதலில் கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் முளைக்கிற செலவு என்னென்ன? கட்டிய பிறகு வருஷா வருஷம் என்ன ஆகும்? அதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஏன் இப்படிக் கேட்கிறேன் என்றால், என் அக்ரிமெண்டு டிசம்பரில் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவேனா மாட்டேனா என்று அக்டோபருக்குள் சொல்ல வேண்டும். வேனுக்கென்று தனியாகச் சேர்த்திருக்கிறேன். ஷெட்டு அதைத் தின்றுவிட்டால் வேன் இல்லை. வேன் இல்லையென்றால் ஊர் இல்லை. உங்களுக்கு ஆயிரம் ரூபாய் சில்லறைச் செலவு, எனக்கு இங்கே எண்பத்து மூன்று ரியால்.

தஹ்மீனாவிடம் பணக் கவலை எதையும் சொல்லவேண்டாம். நான் கிளம்பும்போதே பட்டாசுக் கம்பெனியில் பெட்டி ஒட்டப் போகிறேன் என்று கேட்டாள். நான் இருக்கும்போது என் பெண்டாட்டி கம்பெனி வேலைக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். குறைந்தால் எனக்கு எழுதுங்கள்.

சாபிர்


சிவகாசி
28.3.2004

மருமகனுக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைத் தர வேண்டும். தைலம் வந்தது. முழங்காலில் தடவியதில் தெருவே மணக்கிறது. என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் தடவிக்கொண்டு போகிறார்கள்.

கடைக்கால் தோண்டியாயிற்று. நான் நினைத்தபடியே தரை தகராறு செய்தது. இரண்டடி தோண்டியதும் அய்யாதுரை கொத்தனார் கடப்பாரையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"பாய், இது கரிசலு. இதோட நிப்பாட்டினா மழைக்கு ஷெட்டு எந்திரிச்சு நடக்கும்."

"நடக்கட்டும்ப்பா. வேன் நின்னாப் போதும்ல?"

"ஷெட்டு பஸ்டாண்டுக்கும் வேன் இங்கனயும் நின்னா, ராத்திரி பூட்டுறதுக்கு எங்கன போவீக?"

இதை நான் கேட்பதற்கு முன்னால் அவரே கேட்டுவிட்டார், அவ்வளவுதான். நாலரை அடி தோண்டி, கிராவல் அடித்து, தண்ணீர் ஊற்றி இடித்து, மேலே மணல். இது ஒரு பதினோராயிரம். காலண்டரில் அடியில் ஒன்றும் போடுவதில்லை பார், அதனால் கணக்கில் விட்டுப்போனது.

பயப்படாதே. தாயில்பட்டியில் சங்கையா அண்ணாச்சி என்று ஒருத்தர் இருக்கிறார். சிமெண்டுக் கடை, இரண்டு லாரி, ஒரு கண்ணில் பார்வை கிடையாது. இன்னொரு கண்ணால் ஒரு லாரி மணலைப் பார்த்தே எடை சொல்லிவிடுவார். பல வருஷத்துக்கு முன்னால் அச்சாபீஸில் அவர் கடைக் காலண்டரில் வேறொரு முதலாளி படத்தைப் போட்டுவிட்டார்கள். ஆயிரம் காலண்டர்! நான் ஒற்றை ஆளாக நின்று அத்தனையையும் மாற்றிக் கொடுத்து அவர் மானத்தைக் காப்பாற்றினேன். அதை அவர் மறக்கவில்லை. உன் விஷயத்தைச் சொன்னதும், "சம்சு பாய், ஒம்ம மருமகன் எனக்கும் மருமகன். லோடு நாளைக்கே வரும். அவுக ஊருக்கு வந்து சாவகாசமாக் குடுக்கட்டும், வட்டி கிட்டி பேசாதீக" என்றார். மறுநாளே கிராவல் வந்து இறங்கிவிட்டது.

தஹ்மீனா சுகம். அவளும் உன் மாமியும் இப்போது நல்ல பேச்சு.

மாமா சம்சு


தம்மாம்
26.4.2004

மாமாவுக்கு சலாம். மாமியின் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லை.

பத்தாயிரம் அனுப்பியிருக்கிறேன். இதற்கு மேல் எடுத்தால் வேன் பணம்தான். சங்கையா அண்ணாச்சி பேரை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை, நீங்களும் சொன்னதில்லை. உங்களுக்குத் தெரிந்த பெரிய மனிதர்களை எல்லாம் நூறு தடவை சொல்வீர்கள், இவரை எப்படி விட்டீர்கள்? எதுவானாலும் அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். முன்பின் தெரியாதவனுக்கு இப்படிச் செய்ய ஒரு மனசு வேண்டும்.

அவரிடம் வாங்கியது எவ்வளவு என்று தனியாகக் குறித்து வையுங்கள்.

இன்னொன்று. வழக்கமாக வெள்ளிக்கிழமை இருட்டிய பிறகுதான் போன் போடுவேன். போன வியாழன் வண்டி ரிப்பேரில் நின்றதால் மத்தியானமே பக்கத்துக் கடைக்குப் போட்டேன். கடைக்காரர் போய்ப் பார்த்துவிட்டு வந்து வீடு பூட்டியிருக்கிறது என்றார். தஹ்மீனா எங்கே போயிருந்தாள்?

சாபிர்


சிவகாசி
19.5.2004

அருமை மருமகனே, சலாம். மாமியின் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, அவள் வாய்தான் கட்டுக்குள் இல்லை. வெயில் மண்டையைப் பிளக்கிறது. நீ இருக்கும் இடத்தைவிட இங்கே இரண்டு டிகிரி கூட என்று பேப்பரில் போட்டிருந்தான். போடாவிட்டாலும் அதுதான் உண்மை.

சுவர் எழும்பி, கூரை ஓடு ஏறிவிட்டது. சிமெண்டு ஓடுதான், தகரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தகரம் போட்டால் வேன் வெந்துவிடும். பட்டா நகல் வாங்க சூலக்கரைக் கலெக்டர் ஆபீசுக்குப் போனேன், அங்கே எனக்கு நாற்காலி போட்டார்கள். மத்தியானம் வரைக்கும் அதிலேயே உட்கார்ந்திருந்தேன், அவ்வளவு மரியாதை.

சாக்கடைமேல் வேன் ஏறிப்போக ஒரு சிலாப் போட வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி வந்து குறுக்கே நின்றுவிட்டாள்.

"சிலாப்பு போட்டா எங்க வீட்டுத் தண்ணி எங்கிட்டுப் போகும்? ஒம்ம மருமகன் வந்து மோந்து ஊத்துவாரா?"

"அடியில கொழா போடுறோம் தாயி."

"கொழா அடைச்சா?"

"அடைச்சா நானே வந்து குத்திவிடுறேன்."

"இந்த முழங்காலை வச்சுக்கிட்டா? எந்திரிக்கவே ரெண்டு ஆளு வேணும் ஒமக்கு!"

கடைசியில் பெரிய குழாயாகப் போட வேண்டியதாயிற்று. மூவாயிரத்து ஐந்நூறு. கரெண்டு கனெக்சன் நாலாயிரம். அதற்குப் பிறகு அய்யாதுரை ஒரு கேள்வி கேட்டார்.

"பாய், கதவு?"

"எந்தக் கதவு?"

"ஷெட்டுக்குக் கதவு. பூட்டணும்னுதான கட்டுதோம்?"

"அதைக் கடைசியாச் சொல்லலாம்னு வச்சிருந்தேன்" என்றேன். காலண்டருக்குக் கதவு கிடையாது மருமகனே. இருபது வருஷப் பழக்கம், அதில் விட்டுப்போனது. ஷட்டர் ஒன்பதாயிரத்து ஐந்நூறு.

சங்கையா அண்ணாச்சியிடம் சொன்னேன். உன் நிலைமையைக் கேட்டு அந்த மனிதர் இரண்டு கண்ணிலும் தண்ணீர் விட்டார். "ஷட்டரும் என் கணக்கு" என்று சொல்லிவிட்டார்.

நீ கேட்ட வியாழக்கிழமை தஹ்மீனா உன் மாமியோடு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். யார் வீட்டுக் கல்யாணம் என்று மறந்துவிட்டது. பிரியாணி ஞாபகம் இருக்கிறது.

மாமா சம்சு


தம்மாம்
24.6.2004

மாமாவுக்கு. நான் நலம், நீங்களும் நலமாக இருப்பீர்கள்.

மார்ச் மாதக் கடிதத்தில் சங்கையா அண்ணாச்சிக்கு ஒரு கண்தான். மே மாதக் கடிதத்தில் இரண்டு கண்ணாலும் அழுகிறார்.

தஹ்மீனாவிடம் போனில் கேட்டேன். அந்த வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்ததாகச் சொன்னாள். நீங்கள் கல்யாணம் என்கிறீர்கள். இரண்டில் எதையாவது ஒன்றை வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.

வருஷச் செலவு என்ன என்று மார்ச்சிலேயே கேட்டேன். இன்னும் பதில் இல்லை.

சாபிர்


சிவகாசி
11.8.2004

மருமகனுக்கு சலாம். கோபமாக இருப்பாய் என்று தெரியும், நான் எதிர்பார்த்ததுதான். உன் கடிதம் வந்து பல நாள் அலமாரியில் கிடந்தது. ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருஷக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வந்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்விட்டேன். சாத்தூரில் ஒரு ஜவுளிக்கடையில் ஐயாயிரம் காலண்டருக்கு ஆர்டர் கொடுத்தார்கள். ஐந்நூறு என்று உன் மாமி சொல்லுவாள்.

சங்கையா அண்ணாச்சிக்கு மதுரையில் கண் ஆபரேஷன் ஆயிற்று. அதை எழுத விட்டுவிட்டேன். மற்றபடி, அந்தக் கல்யாணத்தில் சாப்பிட்டதால்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தது. அவள் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி.

இனி நீ கேட்ட வருஷச் செலவு. ஷெட்டு வந்ததால் வீட்டு வரி கூடும். தொழில் வேன் என்பதால் ஷெட்டுக் கரெண்டுக்குக் கடை ரேட்டுதான் போடுவார்கள், வீட்டு ரேட்டு கிடையாது. ஷட்டருக்கு இரண்டு தடவை கிரீஸ், ஒரு தடவை பெயிண்டு. எலி தனிச் செலவு. வேன் வரும் முன்னாலேயே லைட்டு ஒயரைக் கடித்துவிட்டது, வேன் வந்தால் அதன் ஒயரையும் விடாது. அப்புறம் மயில். சிரிக்காதே. காட்டிலிருந்து வருகிற மயில் கூரைமேல் ஏறி ஆடி இரண்டு ஓடு போய்விட்டது. அதற்கு இரண்டாயிரம். அய்யாதுரை என்னிடம் சொன்னது: "மயிலு மேல கேஸ் போட முடியாது பாய், அது நம்ம மேல போட்டுரும்." எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு மூவாயிரத்தில் நிற்கும் என்று நினைக்கிறேன். நாலாயிரம் என்று வைத்துக்கொள்.

ஒரு சங்கடமும் வந்தது. எட்டக்காப்பட்டி ஆள் ஒருத்தன் ஷெட்டும் வேனும் தயாராக வைத்துக்கொண்டு மேனேஜரிடம் போய் நின்றுவிட்டான். மேனேஜர் அவனுக்கே கொடுத்துவிடுகிற மாதிரி இருந்தார். நல்ல வேளை, சங்கையா அண்ணாச்சி நேரில் போய்ப் பேசினார். ஷெட்டு ஐப்பசிக்குள் முடிந்தால் உனக்கு ஜனவரி ஒன்று வரைக்கும் தவணை. நான் போயிருந்தால் ஒரு வருஷமே வாங்கியிருப்பேன், முழங்கால் விடவில்லை.

தஹ்மீனா கொஞ்சம் இளைத்திருக்கிறாள். வெயில்தான்.

மாமா சம்சு


தம்மாம்
14.9.2004

மாமாவுக்கு சலாம்.

கம்பெனியில் காகிதம் கொடுத்துவிட்டார்கள். இரண்டு வருஷம், மாசம் நூற்றைம்பது ரியால் கூட. அக்டோபர் முடிவதற்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். தினமும் எடுத்துப் பார்க்கிறேன்.

போட்டுவிடலாம் என்றுதான் தோன்றுகிறது மாமா. ஊரில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. மயில் ஆடியது தெரிகிறது, என் பெண்டாட்டி எங்கே போகிறாள் என்று தெரியவில்லை.

நம்ம தெரு முகம்மது ரியாஸ் லீவு முடிந்து போன வாரம் வந்தான். நேற்றுத்தான் இதைச் சொன்னான். ஊரில் ஒரு நாள் காலையில் பட்டாசுக் கம்பெனி வேன் ஒன்றில் ஜன்னலோரம் தஹ்மீனாவைப் பார்த்தானாம். மடியில் தூக்குச்சட்டி இருந்ததாம். "ஆளு தப்பா இருக்கும்லே" என்று நானே அவனுக்குச் சொன்னேன். அவன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான். அதுதான் என்னைத் தின்கிறது.

ஷெட்டு முடியுமா முடியாதா? மொத்தம் எவ்வளவு? ரியாஸ் பார்த்தது யாரை? மூன்றே கேள்வி. இந்த ஒரு தடவை கதை வேண்டாம்.

சாபிர்


சிவகாசி
4.10.2004

சாபிருக்கு சலாம்.

ஷெட்டு முடிந்துவிட்டது. மொத்தம் எழுபத்தெட்டாயிரம். நீ அனுப்பியது ஐம்பத்தெட்டு. மீதி இருபதாயிரம் சங்கையா அண்ணாச்சி கணக்கு. அவர் அவசரப்படுத்தவில்லை, அதனால் உன் வேன் பணம் அப்படியே இருக்கிறது.

போன வாரம் இரண்டு நாள் நல்ல மழை. விடிந்ததும் குடையோடு போய்ப் பார்த்தேன். அய்யாதுரை எனக்கு முன்னாலேயே வந்து தரையைத் தட்டிக்கொண்டிருந்தார். எங்கேயும் வெடிப்பு இல்லை. ஷட்டர் ஒரு கையில் ஏறியது. மேனேஜரும் ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டார், அவருக்குத் திருப்தி.

உன் மூன்றாவது கேள்விக்கு நீ வந்த பிறகு நேரில் பதில் சொல்கிறேன். நீ தலை குனியும்படி உன் வீட்டில் எதுவும் நடக்கவில்லை. இதில் ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கவில்லை.

கையெழுத்துப் போடாதே.

சம்சு


தம்மாம்
30.10.2004

மாமாவுக்கும் மாமிக்கும் அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு பாதி முடிந்துவிட்டது. மாமி சர்க்கரையோடு நோன்பு பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். டாக்டரைக் கேட்டுக்கொண்டு பிடிக்கச் சொல்லுங்கள்.

நான் கையெழுத்துப் போடவில்லை. நேற்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உங்கள் கடிதத்தை நாலு தடவை வாசித்தேன். இவ்வளவு சின்னதாக நீங்கள் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால்தான் நம்பினேன்.

ரியாஸ் சொன்னதை தஹ்மீனாவிடம் போனில் கேட்க வாய் வரவில்லை. அவளும் ஏதோ சொல்ல வந்து, "வாங்க, வந்து பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டாள். நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

டிசம்பர் பதினாறு டிக்கெட். அதிகாலையில் மதுரை வந்து சேர்ந்துவிடுவேன். வீட்டுக்கு அப்புறம்தான் வருவேன், தஹ்மீனாவிடம் சொல்லிவிடுங்கள். வண்டியை நேராகத் தாயில்பட்டிக்கு விடச் சொல்லி சங்கையா அண்ணாச்சி வீட்டு வாசலில் இறங்கப் போகிறேன். இருபதாயிரத்தையும் கையில் வைத்திருக்கிறேன். மகன் மாதிரி நினைத்துச் செய்தவருக்கு முதல் சலாம் சொல்லாமல் என் வீட்டுப் படி ஏறினால் எனக்கே நன்றாயிருக்காது. அவர் வீடு எந்தத் தெரு, என்ன அடையாளம் என்று மட்டும் உடனே எழுதுங்கள்.

சாபிர்


சிவகாசி
22.11.2004

அன்பு மருமகனுக்கு, மாமா சம்சு துஆவுடன் எழுதுவது. தீபாவளியும் பெருநாளும் ஒட்டி ஒட்டி வந்ததில் தெருவில் மூன்று நாள் வெடிச் சத்தம், மூன்று நாள் பிரியாணி வாசம். உன் மாமி முப்பது நோன்பும் பிடித்துவிட்டாள். சர்க்கரை பயந்து இறங்கிவிட்டது.

நீ கையெழுத்துப் போடமாட்டாய் என்று எனக்குத் தெரியும். உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே வேன் பார்த்து வைத்துவிட்டேன். கழுகுமலைக்காரர் வேன், இருபத்தொரு சீட், ஒரே ஆள் ஓட்டியது. கம்பெனி டிசம்பர் முதல் வாரம் திறக்கிறது. ஜனவரி ஒன்றிலிருந்து உன் வேன்.

நீ வீட்டு அடையாளம் கேட்டிருக்கிறாய். இரண்டு நாளாகப் பேனாவை எடுப்பதும் மூடுவதுமாக இருந்தேன். தெருப் பேர்கூட ஒன்று யோசித்துவிட்டேன். பிறகு நீ பெட்டியும் கையுமாக தாயில்பட்டியில் வீடு வீடாக விசாரிக்கிறதை நினைத்துப் பார்த்தேன். என்னால் முடியவில்லை.

மார்ச் மாதம் கரிசலில் வேலை நின்றபோது நானும் தஹ்மீனாவும் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"மாமா, ஷெட்டு நின்னு போச்சுன்னா அவுக கையெழுத்துப் போட்டுருவாக. இன்னும் ரெண்டு வருசம். நான் கம்பெனிக்குப் போறேன்."

"அவன் வேணாம்னு சொல்லியிருக்கான்லம்மா."

"அவுக அங்கன இருந்து வேணாங்காக. இங்கன இருக்கது நான்ல?"

"சரி, பணம் எங்கேருந்து வந்துச்சுன்னு அவன் கேட்டா?"

"ஊருக்கெல்லாம் சும்மாவே கதை சொல்றீக, எனக்காக ஒண்ணு சொல்ல மாட்டீகளா?"

நானே கொடுத்ததாக எழுதிவிடுகிறேன் என்றேன். "அதை அவுக நம்ப மாட்டாக மாமா" என்றாள். அந்த ஆஸ்பத்திரிப் பொய் ஒன்றைத் தவிர அந்தப் பிள்ளை வாயில் பொய் வராது. உண்மைதானே, என் பையில் பத்து ரூபாய் தங்கி நீ பார்த்திருக்கிறாயா? அதனால் ஒரு முதலாளியை உண்டாக்க வேண்டியதாகிவிட்டது.

அந்தத் தாயில்பட்டிக் கம்பெனியில்தான் பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். வெடிமருந்துப் பக்கமே போவதில்லை, அட்டைப்பெட்டியும் லேபிளும்தான். சேர்த்துவிட்ட அன்று நானே கூடப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எட்டு மாதச் சம்பளம் பன்னிரண்டாயிரம். எல்லாருக்கும் கொடுக்கிற மாதிரி கம்பெனியில் அட்வான்ஸ் எட்டாயிரம். கிராவலில் நீ அனுப்பியது போக மீதி, சிலாப், கரெண்டு, ஷட்டர், மயில் உடைத்த ஓடு எல்லாம் அதில் வந்தவை. எட்டக்காப்பட்டிக்காரன் வந்து நின்றபோது மேனேஜரிடம் பேசியதும் அவள்தான். நாலு பொம்பளைகளைக் கூட்டிக்கொண்டு போய், "சார், எங்க வீட்டு வேன் வரும். அது வர்ற வரைக்கும் இருக்கிற வேன்ல நெருக்கிக்கிட்டு வாறோம், ஒரு நா லேட்டாகாது" என்றாளாம். நாலரை மாதமாக நெருக்கிக்கொண்டுதான் போனார்கள். ரியாஸ் பார்த்தது அதைத்தான்.

இது தெரிந்தால் நீ கோபத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவாய் என்று பயந்தோம். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாய், இனி எழுதலாம். அவளுக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன். நீ வந்ததும் கத்துவதாக இருந்தால் என்னிடம் கத்து. ஆனால் வேலையை உடனே விடச் சொல்லாதே, அட்வான்ஸ் கழிய பங்குனி ஆகிவிடும்.

நான் எழுதியதில் கரிசல் உண்மை. மயில் உண்மை. முத்துப்பேச்சி சண்டை உண்மை, இப்போதும் குழாயை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகிறாள். மேனேஜர் எழுந்து நின்றதும் உண்மை என்றுதான் வைத்திருக்கிறேன். சங்கையா என்று ஒருத்தர் மட்டும் கிடையாது. அவரை நான்தான் உண்டாக்கினேன்.

அதனால் தாயில்பட்டிக்கு வண்டியை விடாதே. காலை ஆறேகாலுக்கு உன் வீட்டு வாசலுக்கு வந்தால் போதும். அவளை ஏற்றிப்போகக் கம்பெனி வேன் வருவதற்குள் உன் சலாத்தைச் சொல்லிவிடலாம்.

மாமா சம்சு